எண்ணிக்கையும் உண்மையும்



2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், ஜி.பி.எஸ். சமிக்ஞைகளில் வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. மே 3-ஆம் தேதி டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை மறைத்துவைத்து, அதன் இடக்குறிப்பை அறிவித்தார். ஜியோகேச்சிங் என்னும் தேடல் விளையாட்டு இவ்விதம் பிறந்தது. மறைத்த பெட்டியைக் கண்டுபிடித்து, அதிலுள்ள ஏட்டில் பெயரெழுதுவதே அதன் இலக்கணம்.

இவ்விளையாட்டினர் ஓரிடத்தில் கூடி அளவளாவும் சந்திப்புகளும் உண்டு. அங்கே தேடிக் கண்டெடுக்க வேண்டிய பெட்டி இல்லை. ஆயினும், "கலந்துகொண்டேன்" என்று பதிந்தால் கண்டுபிடிப்புகளின் மொத்தத்தில் ஒன்று கூடிவிடுகிறது. இது முறைதானா?

தேடாததைக் கண்டுபிடிப்பு என்னலாகாது என்பர் சிலர். ஆனால் அப்பதிவு எதையும் மறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அதன் பெயரே வேறு. வகைவாரிப் பட்டியலிலும் சந்திப்புகள் தனியே நிற்கின்றன. ஆகவே கணக்கில் குற்றமில்லை. ஒரே சந்திப்பைப் பலமுறை பதிவதும், மொத்தத்தையெல்லாம் பெட்டிகளாகக் காட்டிப் பெருமை பேசுவதுமே குற்றம்.

உங்கள் பிள்ளைகள் இவ்விளையாட்டில் இறங்கினால், "எத்தனை கண்டாய்?" என்போருக்குப் பெட்டிகளை வேறாகவும் சந்திப்புகளை வேறாகவும் சொல்லப் பழக்குங்கள். எண் சிறுத்தாலும் சொல் மெய்யாயிருக்கும்.