தொட்டுப் பார்க்கும் வைத்தியம்

எங்கள் தெருமுனை கிளினிக்கில் நோயாளி உட்காரும் ஸ்டூல் டாக்டரின் மேசையை ஒட்டியே கிடக்கும். உட்கார்ந்ததும் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பார். கண் இமையை இழுத்துப் பார்ப்பார். முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, “மூச்சை நல்லா இழுத்து விடுங்கம்மா” என்பார். 2020-இல் கொரோனா வந்ததும் அந்த ஸ்டூல் வாசல் பக்கம் போனது. நடுவில் கயிறு, மேசைக்கு முன்னால் பிளாஸ்டிக் திரை. விரல்நுனியில் ஆக்சிமீட்டரை மாட்டி எடுத்தால் சோதனை முடிந்தது. அன்றைக்கு அது தேவைப்பட்டது. அப்படி இருந்தும் எத்தனையோ மருத்துவர்களைத் தொற்று கொண்டுபோனது.

மருத்துவர்களுக்கு நம்மைக் கண்டு பயம். நமக்கு அவர்களைக் கண்டு பயம். அந்த ஆண்டு மார்ச் 22 மாலை மருத்துவர்களுக்காகக் கைதட்டினோம். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 19 அன்று கொரோனாவால் இறந்த சென்னை நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் சைமன் ஹெர்குலிஸின் உடலைப் புதைக்க விடாமல் ஒரு கும்பல் கல்லெறிந்தது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களின் மண்டை உடைந்தது. நள்ளிரவில் சக மருத்துவர் பிரதீப் குமார் தானே மண்ணை அள்ளிப் போட்டு நண்பரை அடக்கம் செய்தார். மூன்றே நாளில், மருத்துவப் பணியாளர்களைத் தாக்கிப் படுகாயப்படுத்தினால் 7 ஆண்டு வரை சிறை என்று மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் கல்லைத் தடுக்கும். பயத்தைப் போக்குவது அதன் வேலை அல்ல.

எபோலா காலத்தில் லைபீரியாவில் பயம் போக ஒரு வழி செய்தார்கள். முழுக்கவச உடைக்குள் இருப்பவர் யாரென்றே தெரியாமல் நோயாளிகள் தவித்தார்கள். மேரி பெத் ஹெஃபர்னன் என்ற கலைஞர், சிரித்த முகத்தோடு மருத்துவப் பணியாளர்களைப் படமெடுத்து, அதை அவர்களுடைய உடையின் மார்பில் ஒட்டவைத்தார். கொரோனாவின்போது அமெரிக்க மருத்துவமனைகளிலும் அதைப் பின்பற்றினார்கள்.

தொற்று ஓய்ந்த பிறகும் டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவே விழுந்த அந்த இடைவெளி பல இடங்களில் அப்படியே இருக்கிறது. என்ன செய்கிறது என்று கேட்டு முடிப்பதற்குள் டெஸ்ட் எழுதிய சீட்டு கைக்கு வந்துவிடுகிறது. போன் வழி ஆலோசனைக்கு 2020 மார்ச்சில் அரசு நெறிமுறை வகுத்தது நல்ல காரியம். மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்கும் பெரியவருக்கு அலைச்சல் மிச்சம். ஆனால் வீங்கிய காலைக் கட்டைவிரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று போனில் பார்க்க முடியாது. வயிற்றில் கை வைத்து “இங்க வலிக்குதா?” என்று கேட்கும்போதுதான், வீட்டில்கூடச் சொல்லாத வலியைப் பல பெண்கள் வாய்விட்டுச் சொல்கிறார்கள்.

இதை நான் டாக்டர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: தொட்டுப் பாருங்கள், இரண்டு நிமிடம் கூடுதலாக ஆனாலும் சரி. நோயாளிகளான நாமும் எதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வீட்டு வாசலைத் தகரம் அடித்து அடைத்துவிடுவார்களோ என்று காய்ச்சலை மறைத்து, மூச்சுத் திணறிய பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்கள் அன்று நம்மில் உண்டு. இனி ஒரு தொற்று வந்தால், காய்ச்சல் கண்ட முதல் நாளே மக்கள் டாக்டரைத் தேடிப் போக வேண்டும். அதற்கான நம்பிக்கையை நோயில்லாத இந்த நாட்களில்தான் வளர்க்க முடியும்.