கையெழுத்துப் போடுவது யார்?

சீனாவில் பெரிய ஆபரேஷன் என்றால், டாக்டர் முதலில் கேட்பது குடும்பத்தாரின் கையெழுத்தைத்தான். கணவன் போடலாம், தாய் தந்தையர் போடலாம், பிள்ளை போடலாம். இருபது வருஷம் ஒரே வீட்டில் அன்போடு வாழ்ந்த இன்னொரு பெண்? அவள் சட்டத்தின் கண்ணில் அயலாள்!

பெண்ணைப் பெண் காதலிப்பது அந்நாட்டில் குற்றம் அல்ல. அந்தக் காதல் தன்னளவில் ஒரு நோய் அல்ல என்று 2001-ம் ஆண்டில் சீன மனநோய் மருத்துவர்களும் சொல்லிவிட்டார்கள். ஆனால் கல்யாணத்துக்கு மட்டும் இடம் இல்லை.

நாடகத்தில் ஒரு தந்திரம்

இது நேற்று முளைத்த சங்கதி அல்ல. 17-ம் நூற்றாண்டில் லீ யூ என்ற நாடகாசிரியர் இதையே கதையாக்கினார். மணமான ஒரு மாது, புத்த பிக்குணிகளின் மடத்தில் இன்னொரு பெண்ணைச் சந்திக்கிறாள். அவள்மீது வீசும் நறுமணத்தில் மனம் மயங்குகிறாள். இருவரும் கவிதை எழுதிப் பரிமாறிக்கொள்கிறார்கள். அடுத்த பிறவியில் தம்பதியாகப் பிறக்க வேண்டும் என்று சபதம் செய்கிறார்கள். இந்தப் பிறவியில் பிரியாமல் இருக்க வழி? தன் கணவனுக்கே அவளை இரண்டாந்தாரமாக முடித்து வைக்கிறாள்! அந்தக் காலத்தில் ஒருவனுக்குப் பல தாரங்கள் உண்டல்லவா? நாடகம் சுபமாக முடிகிறது. கணவன் இல்லாமலே இருவரும் வாழ்ந்தார்கள் என்று எழுத ஆசிரியருக்குத் துணிவு வரவில்லை போலும்.

தாங்களே போட்ட கொண்டை

அந்தத் துணிவு பட்டாலைப் பெண்களுக்கு வந்தது. சீனாவின் தெற்கே, குவாங்டங் மாகாணத்தில், ஷுண்டே என்ற ஊர்ப்பக்கம். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த வட்டாரத்தில் நீராவியால் ஓடும் பட்டாலைகள் ஏற்பட்டன. பெண்களின் கைக்குக் கூலி வந்தது. கூலி வந்ததும், "கல்யாணம் வேண்டாம்" என்று சொல்லும் தைரியமும் வந்தது.

அங்கே மணப்பெண்ணுக்குத்தான் தலைவாரிக் கொண்டை போடுவது வழக்கம். இவர்களோ தெய்வத்தின் முன் நின்று, மணம் செய்துகொள்வதில்லை என்று ஆணையிட்டு, தாங்களே கொண்டை போட்டுக்கொண்டார்கள். "தாமே தலைவாரிக் கொண்டவர்கள்" என்றே அவர்களுக்குப் பெயர். எல்லோரையும் காதலர் என்று சொல்லிவிட முடியாது. மாமியார் வீட்டுக் கொடுமைக்கும் பிரசவத்துக்கும் பயந்து விலகியவர்கள் பலர். ஆனால், சிலர் இருவர் இருவராகத் தம்பதி போலவே வாழ்ந்தார்கள் என்றும் பழைய குறிப்புகள் உண்டு.

அவர்களுக்கு ஒரு பெருங்கவலை இருந்தது. மணமாகாத பெண் பிறந்த வீட்டில் சாகக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. எங்கே போய்ச் சாவது? ஈமச் சடங்கு செய்வது யார்? எனவே காசு சேர்த்துத் தங்களுக்கென்று வீடுகள் கட்டிக்கொண்டார்கள். 1930-களில் பட்டுத் தொழில் நசிந்தது. பலர் சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போனார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த 'பிங்யூ மண்டபம்' இன்றும் ஷுண்டேயில் நிற்கிறது. இப்போது அது காட்சிசாலை.

நோட்டரியிடம் போகிறார்கள்

இன்றைய பெண்களுக்கும் அதே கவலைதான். 2017-ல் அமலுக்கு வந்த ஒரு சட்டம் அவர்களுக்குக் கொஞ்சம் கைகொடுத்தது. வயது வந்த எவரும், தாம் செயலிழந்தால் தம்மைக் கவனிக்க ஒரு காப்பாளரை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். அவர் உறவினராக இருக்க வேண்டும் என்பதில்லை. தனியாக வாழும் முதியோருக்கும் இது பெரிய உதவி. சேர்ந்து வாழும் பெண்கள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஷாங்காய் போன்ற நகரங்களில் நோட்டரியிடம் போய், ஒருவருக்கொருவர் எழுதிக் கொடுக்கிறார்கள்.

2019-ல் புதிய சிவில் சட்டம் தயாரானபோது, கல்யாண உரிமை கேட்டு ஏராளமான யோசனைகள் அரசுக்குப் போயின. "ஓர் ஆண், ஒரு பெண்" என்ற விதி மாறவில்லை. அதே ஆண்டில்தான் தைவான், ஆசியாவிலேயே முதலாவதாக, இத்தகைய மணத்தைச் சட்டமாக்கியது.

காப்பாளர் பத்திரம் கல்யாணத்துக்கு ஈடாகாது. சொத்துக்குத் தனியாக உயில் எழுத வேண்டும். இருவரும் நலமாக இருக்கும் வரை அந்தப் பத்திரத்துக்கு வேலையே இல்லை. ஒருத்தி நினைவிழந்து படுத்த பிறகுதான் மற்றவளின் கையெழுத்து செல்லும்.