இலவச நூலிலும் பெயர்ப் பக்கம் இருக்கட்டும்

ஓசூர் தொழிற்பேட்டை வேலையை மனத்தில் வைத்துக் கணினி படிக்கும் காவேரிப்பட்டினத்துப் பிள்ளைகளுக்குத் தமிழில் பாடநூல் இல்லாமல் இல்லை. 2012இல் தொடங்கிய ‘கணியம்’ இதழும், து. நித்யாவின் ‘எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்’ போன்ற நூல்களும் காசில்லாமல் கிடைக்கின்றன. நகலெடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். எழுதியவர் பெயரையும் வெளியிட்ட இடத்தையும் சொல்ல வேண்டும், அதே உரிமையைப் பிறருக்கும் தர வேண்டும் என்பதே நிபந்தனை.

இத்தகைய பாடங்கள் ஜெராக்ஸ் கடைக்குப் போகும்போது முதலில் காணாமற்போவது இந்த விவரங்கள் உள்ள பெயர்ப் பக்கம்தான். எழுதியவர், அட்டை வரைந்தவர், மின்னூலாக்கியவர் எல்லோரும் மறைந்து, பயிற்சி மையத்தின் முத்திரை மட்டும் மிஞ்சும். கேட்டால், “இலவசம்தானே?”

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவு, உரிமையை விற்றுவிட்ட ஆசிரியருக்கும் ‘இது என் படைப்பு’ என்று சொல்லும் உரிமையைத் தருகிறது. 2012இல் சேர்ந்த 65பி பிரிவு இன்னும் கடுமையானது: ஆசிரியர் பெயரையோ பயன்பாட்டு நிபந்தனையையோ அனுமதியின்றித் தெரிந்தே நீக்கினால் இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. வகுப்புக்காக நகலெடுக்க 2016இல் தில்லி உயர் நீதிமன்றம் இடம் கொடுத்தது உண்மைதான். பெயரை அழிப்பது அந்த வழக்கின் பொருளே அல்ல.

உரிமத்தை அச்சிட்டால் பக்கம் கூடும் என்ற முணுமுணுப்பில் ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. குனூ ஆவண உரிமம் தன் முழு வாசகத்தையும் கூடவே சுமக்கச் சொன்னது. அதைப் பயன்படுத்திய விக்கிப்பீடியாவே 2009இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கு மாறிக்கொண்டது. அந்த உரிமத்தின் 4.0 பதிப்பில், விவரங்கள் உள்ள பக்கத்தின் இணைய முகவரியைக் கொடுத்தாலே பெரும்பாலும் போதும். தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்க 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமோ, தட்டச்சியவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களைத் தாங்கும் முகப்புப் பக்கத்தை அப்படியே வைத்திருக்கும்படி கேட்கிறது. கூலி வாங்காதவர்களுக்கு வேறென்ன கொடுத்துவிட்டோம்?

நட்டம் மாணவருக்கும்தான். மென்பொருள் மாறியபின் பழைய கட்டளை வேலை செய்யாது. கிருஷ்ணகிரி மாங்கூழ் டப்பாவில் தேதியும் தொகுதி எண்ணும் இல்லாவிட்டால் கடைக்காரர் வாங்குவாரா? பாடம் எந்த ஆண்டுப் பதிப்பு, பிழையை யாரிடம் சொல்வது என்பதும் கிழிந்த பக்கத்தோடு போய்விடுகிறது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஐடிஐ, பாலிடெக்னிக், தனியார் மையங்கள் எதுவானாலும், அடுத்த பருவத்துக்கு அச்சாகும் குறிப்புகளில் ஆசிரியர், மூல முகவரி, பதிப்பு ஆண்டு, உரிமம், செய்த மாற்றம் ஆகியவை முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஏற்கெனவே கொடுத்த பிரதிகளுக்கு ஒரு துண்டுச்சீட்டு ஒட்டிக் கொடுக்கலாம்.