குப்பன் என்றால் கேலியா?

பரணில் கிடந்த பழைய டிரங்குப் பெட்டியைத் திறக்கிறார்கள். உள்ளே ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம். கல்லூரியில் படிக்கும் பேரன் அதை எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். கொள்ளுத் தாத்தாவின் பெயர் அதில் இருக்கிறது.

என்ன பெயர் தெரியுமா? "குப்பை!"

பேரன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். பாட்டி சிரிக்கவில்லை.

"அந்தப் பேரு இல்லேன்னா, நீயே இல்லேடா!" என்கிறாள்.

பாட்டிக்குக் காரணம் தெரியும். பேரனுக்குத் தெரியாது.

எமனை ஏமாற்ற...

அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் பிழைத்தது இல்லை. 1951-ம் ஆண்டை ஒட்டி இந்தியாவில் 1,000 குழந்தைகள் பிறந்தால், சுமார் 146 குழந்தைகள் ஒரு வயது நிறையும் முன்பே இறந்தன. அதற்கு முந்திய காலத்தில் நிலைமை இன்னும் மோசம்.

இரண்டு மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய் என்ன செய்வாள்? அடுத்த பிள்ளையைக் குப்பை மேட்டில் போட்டு எடுப்பாள். குப்பை என்றே பெயர் வைப்பாள். "இது யாருக்கும் வேண்டாத பிள்ளை" என்று எண்ணி எமன் விட்டுவிட்டுப் போய்விடுவானாம்! ஆண் என்றால் குப்பன், குப்புசாமி. பெண் என்றால் குப்பம்மாள், குப்பாயி.

சிலர் பிள்ளையை அடுத்த வீட்டுக்காரியிடம் கொடுத்துவிடுவார்கள். பிறகு தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். அவன் தவிடன். மூக்குக் குத்தி வளர்த்த பிள்ளை மூக்கன், மூக்காயி. தெய்வத்திடம் மடிப்பிச்சை கேட்டுப் பெற்ற பிள்ளை, பிச்சை.

பெயர் கேலியாகத்தான் இருக்கிறது. அதற்குள்ளே இருப்பது ஒரு தாயின் கண்ணீர்.

கடல் கடந்த குப்பன்

1860-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட "துரூரோ" என்ற கப்பல் தென் ஆப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்தவர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். அதன் பிறகு பல கப்பல்கள் போயின. வந்தவர்களின் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் பதிவேட்டில் ஏறின.

எழுதியவர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார்கள். கவுண்டர் "கோவெண்டர்" ஆனார். முதலி "மூட்லி" ஆனார். குப்பன் "கூப்பன்" ஆனான். இது ரேஷன் கடைக் கூப்பன் அல்ல. நம் ஊர்க் குப்பன்தான்! அந்தப் பெயர் அங்கே குடும்பப் பெயராகவே நிலைத்துவிட்டது.

இன்று அவர்களுடைய வாரிசுகள் அந்தப் பதிவேடுகளைப் புரட்டித் தங்கள் பூர்வீக ஊரைத் தேடுகிறார்கள். அவர்களுக்கு வழி காட்டுவது அந்தப் பெயர்தான். வெட்கப்பட்டு அதை அழித்திருந்தால், ஊருக்குத் திரும்பும் வழியும் அழிந்திருக்கும்.

இது வேறு, அது வேறு

ஆனால் எல்லாப் பெயரும் பாசத்தால் வந்தது அல்ல. ஏழை எளியவர்கள் "சாமி" என்று முடியும் பெயரை வைக்கக் கூடாது என்று தடுத்த ஊர்களும் இருந்தன. மண்ணாங்கட்டி என்ற பெயரைச் சுமந்தவர்கள் எத்தனை பேர்! அந்தப் பெயர் வைத்திருந்தவருக்கு இழிவு இல்லை. நல்ல பெயரைத் தடுத்தவர்களுக்கே இழிவு.

இன்னொரு வகையும் உண்டு. வரிசையாகப் பெண் பிறந்தால், கடைசிப் பெண்ணுக்கு "போதும்பொண்ணு", "வேண்டாம்" என்று பெயர்! குப்பை என்று பெயர் வைத்த தாய், பிள்ளை வேண்டும் என்று வைத்தாள். இந்தப் பெயரோ, பிள்ளையே வேண்டாம் என்கிறது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் "வேண்டாம்" என்று கூப்பிடும்போது, அந்தச் சிறுமியின் மனம் என்ன பாடுபடும்!

மராட்டிய மாநிலத்திலும் இந்தக் கொடுமை உண்டு. அங்கே "நகுசா" என்று பெயர். வேண்டாதவள் என்று பொருள். 2011-ம் ஆண்டு சதாரா மாவட்டத்தில் 285 சிறுமிகள் ஒரே விழாவில் அந்தப் பெயரை உதறிவிட்டுப் புதுப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். நல்ல காரியம்!

என்ன செய்யலாம்?

இறந்துபோன பாட்டனுக்குப் பெயர் மாற்ற வேண்டாம். வம்சாவளி எழுதும்போது "குப்பை" என்பதைக் "குமார்" என்று திருத்த வேண்டாம். உள்ளபடியே எழுதி, ஏன் அந்தப் பெயர் வந்தது என்று பக்கத்தில் குறித்து வைக்க வேண்டும். அதைச் சொல்லக் கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு வைக்க வேண்டும்.

உயிரோடு இருக்கும் பெண்ணுக்கு மட்டும் "வேண்டாம்" என்ற பெயர் வேண்டவே வேண்டாம். அரசிதழில் வெளியிட்டுப் பெயரை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. பெற்றோர்கள் அதைச் செய்ய வேண்டும்.

2020-ம் ஆண்டுக் கணக்குப்படி, இந்தியாவில் 1,000 குழந்தைகளுக்கு 28 குழந்தைகள்தான் ஒரு வயதுக்குள் இறந்தன. தடுப்பூசியும் ஆஸ்பத்திரியும் எமனை விரட்டுகின்றன. இனி எமனை ஏமாற்ற குப்பைப் பெயர் தேவை இல்லை.

ஆனால் அன்று பிழைத்த ஒரு "குப்பை"யால்தான் இன்று ஒரு குடும்பம் தழைத்திருக்கிறது. அந்தப் பெயரைக் கண்டால் கேலி செய்யக் கூடாது. கையெடுத்துக் கும்பிட வேண்டும்!