மானிட்டர் அணைந்திருக்கும்... கோடிங் ஓடிக்கொண்டிருக்கும்!

லேப்டாப் திரை அணைந்து கிடக்கிறது. மவுஸ் பையைவிட்டு வெளியே வரவே இல்லை. காதில் இயர்போன், விரல்கள் மட்டும் கீபோர்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த இயர்போனை வாங்கி நீங்கள் கேட்டால் வண்டு ரீங்காரம் போல ஏதோ கேட்கும். அவ்வளவு வேகமாகப் பேசுகிறது அந்தக் குரல். கேட்டுப் பழகியவருக்கோ ஒவ்வொரு சொல்லும் தெளிவு. பார்வையற்ற சாஃப்ட்வேர் டெவலப்பர் ஒருவர் வேலை பார்க்கும் காட்சி இதுதான்.

இதை அப்படியே திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூருக்குக் கொண்டுவாருங்கள். சேலத்து ஆத்தூர் இல்லை. செம்பட்டி பக்கத்தில், காமராஜர் அணை இருக்கிற ஆத்தூர். அங்கே ஒரு வீட்டில், பார்வையில்லாத பிள்ளை பிளஸ் டூ முடித்துவிட்டு, "கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப்போறேன்" என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் முதலில் என்ன கேட்பார்கள்?

"கண்ணு தெரியாம கம்ப்யூட்டர்ல என்னப்பா செய்வ?"

பாசத்தில் வருகிற கேள்விதான். ஆனால், அந்த ஒரு கேள்வியிலேயே பல பிள்ளைகளின் ஆசை அடங்கிப்போய்விடும். இத்தனைக்கும், இந்தக் கேள்விக்குப் பதில் வந்து 30 வருடங்களாகிவிட்டன.

வளைகோட்டைக் காதால் கேட்டவர்

1965-ல் பிறந்து, புனேயில் வளர்ந்தவர் டி.வி.ராமன். கிளாகோமா எனும் கண் அழுத்த நோயால் 14 வயதில் பார்வை போய்விட்டது. சகோதரரும் மற்றவர்களும் பாடங்களைப் படித்துக்காட்ட, காதால் கேட்டே படித்தார். எடுத்த பாடம் கணிதம். புனே வாடியா கல்லூரியில் பட்டம், பிறகு மும்பை ஐ.ஐ.டி. அங்கே இறுதியாண்டு புராஜெக்ட்டாக அவர் செய்தது என்ன தெரியுமா? கணக்குப் புத்தகத்தில் வரும் வளைகோடுகளை ஒலியாக மாற்றி, அவற்றின் ஏற்ற இறக்கத்தைக் காதால் உணரவைக்கும் ஒரு புரோகிராம்!

அடுத்து அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம். சமன்பாடுகள் நிறைந்த பக்கங்களைக் கம்ப்யூட்டரே புரியும்படி வாசித்துக்காட்டும் மென்பொருளை உருவாக்கி, 1994-ல் முனைவர் பட்டம் பெற்றார். அந்த மென்பொருளுக்கு அவர் வைத்த பெயர் 'ஆஸ்டர்'. அது அவருக்கு வழிகாட்டிய நாயின் பெயர். அடோபி, ஐ.பி.எம் நிறுவனங்களில் பணியாற்றிவிட்டு 2005-ல் கூகுளில் சேர்ந்தார்.

1995-ல் அவர் வெளியிட்ட 'ஈமேக்ஸ்பீக்' என்ற மென்பொருள்தான் டெவலப்பர்களுக்கு முக்கியமானது. பொதுவாக, புரோகிராம் எழுதும் திரையில் கட்டளைச் சொற்கள் ஒரு நிறத்திலும், குறிப்புகள் வேறு நிறத்திலும் தெரியும். பிழையைச் சீக்கிரம் கண்டுபிடிக்க அது உதவும். ராமன் அந்த நிறங்களுக்குப் பதிலாகக் குரலை மாற்றினார். கட்டளைக்கு ஒரு குரல், குறிப்புக்கு இன்னொரு குரல். கண்ணுக்குக் கிடைத்த வசதி அப்படியே காதுக்கும் கிடைத்தது.

அவர் வேலை சொல்லும் விஷயம் எளிமையானது. புரோகிராம் என்பது படம் அல்ல, எழுத்து. எழுத்தென்றால் கண்ணாலும் படிக்கலாம், காதாலும் படிக்கலாம்.

மவுஸ் எதற்கு? கீபோர்டு போதும்!

திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளுக்குத்தான் 'ஸ்க்ரீன் ரீடர்' என்று பெயர். ஆனால், அது மேலிருந்து கீழ்வரை எல்லாவற்றையும் ஒப்பித்துக்கொண்டிருக்காது. வேண்டிய இடத்துக்கு ஒரே தாவலில் போக ஷார்ட்கட்கள் இருக்கின்றன.

வெப்சைட்டில் 'ஹெச்' எழுத்தை அழுத்தினால் அடுத்த தலைப்பு. 'கே' அழுத்தினால் அடுத்த லிங்க். 'பி' என்றால் பட்டன், 'எஃப்' என்றால் நிரப்பவேண்டிய கட்டம். இன்சர்ட் கீயுடன் எஃப்7 அழுத்தினால், பக்கத்தில் உள்ள லிங்க், தலைப்பு எல்லாம் ஒரு பட்டியலாக வந்து நிற்கும். பேச்சை நிறுத்த, கன்ட்ரோல் கீயை ஒருமுறை தட்டினால் போதும். என்.வி.டி.ஏ என்ற ஸ்க்ரீன் ரீடரில் இருக்கும் வசதிகள் இவை.

புரோகிராம் எழுதும்போது இன்னும் சுவாரஸ்யம். பைத்தான் மொழியில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்கும் அர்த்தம் உண்டு. ஓர் இடைவெளி தவறினாலும் புரோகிராம் முரண்டுபிடிக்கும். கண்ணுக்குத் தெரிகிற இந்த இடைவெளியைக் காதால் எப்படிக் கண்டுபிடிப்பது? என்.வி.டி.ஏ அதை ஒரு 'பீப்' ஒலியாகத் தரும். வரி உள்ளே தள்ளிப்போகப் போக, ஒலியின் சுருதியும் ஏறும். 'விஎஸ் கோட்' போன்ற எடிட்டரில் எஃப்8 அழுத்தினால் அடுத்த பிழைக்கே கூட்டிப்போய், என்ன பிழை என்பதையும் சொல்லும். கன்ட்ரோலுடன் 'ஜி' அழுத்தி 240 என்று அடித்தால் 240-வது வரியில் போய் நிற்கலாம். ஸ்க்ரோல் செய்து தேடுகிறவர் அந்த வரிக்கு வந்துசேர்வதற்குள், காதால் படிப்பவர் திருத்தத்தையே முடித்திருப்பார்.

விலையை உடைத்த இரண்டு நண்பர்கள்

சரி, இதற்கெல்லாம் செலவு எவ்வளவு?

அமெரிக்காவைச் சேர்ந்த டெட் ஹென்டர் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். 1978-ல் ஒரு கார் விபத்தில் பார்வையை இழந்தார். பிறகு புரோகிராமிங் கற்று, 1987-ல் நண்பருடன் நிறுவனம் தொடங்கினார். அவர்கள் கொண்டுவந்த 'ஜாஸ்' உலகெங்கும் பிரபலமான ஸ்க்ரீன் ரீடர் ஆனது. ஆனால், விலை அதிகம். லேப்டாப்பைவிட அதில் ஓடும் மென்பொருளுக்குக் கூடுதலாகக் கொடுக்கவேண்டிய நிலைகூட இருந்தது.

2006-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர், 'எல்லோரும் பார்க்கும் கம்ப்யூட்டரைப் பயன்படுத்த, பார்வையில்லாதவர் மட்டும் ஏன் தனியாகக் காசு கொடுக்கவேண்டும்?' என்ற கோபத்தில் எழுதத் தொடங்கியதுதான் என்.வி.டி.ஏ. அவருடன் சேர்ந்த ஜேம்ஸ் டேவும் பார்வையற்றவர். சிறுவயதில் ஓர் இசை முகாமில் கிடைத்த நண்பர். யார் வேண்டுமானாலும் இலவசமாக டவுன்லோடு செய்யலாம். அதோடு வரும் குரல் தமிழும் பேசும்.

ஆக, ஆத்தூர் பிள்ளைக்குத் தேவை விண்டோஸ் ஓடும் ஒரு லேப்டாப், ஓர் இயர்போன், இன்டர்நெட். மானிட்டர் ரிப்பேரான பழைய லேப்டாப்கூட உதவும். கற்றுக்கொடுக்க ஒருவரும், பழகச் சில மாதங்களும் வேண்டும். வேகமான குரலுக்குக் காது பழகும்வரை பொறுமை வேண்டும். அவ்வளவுதான்.

கதவு மூடுகிற இடம்

அப்படியானால் சிக்கலே இல்லையா? இருக்கிறது. அது பிள்ளையின் கண்ணில் இல்லை. எதிரே இருக்கும் வெப்சைட்டில் இருக்கிறது.

ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கிறார். படிவம் முழுக்கத் தானே நிரப்பிவிட்டார். கடைசியில் வரிசையாக மூன்று பட்டன்கள். வடிவமைத்தவர் அவற்றில் அழகான படங்களை வைத்திருக்கிறார். பெயர் எழுத மறந்துவிட்டார். ஸ்க்ரீன் ரீடர் சொல்கிறது: "பட்டன்... பட்டன்... பட்டன்." எது 'சமர்ப்பி', எது 'அழி'? தெரியாது. இன்னொரு தளத்தில், 'படத்தில் தெரியும் எழுத்துகளை டைப் செய்க' என்கிறது. கேட்க ஒலி வசதி வைக்கவில்லை. இத்தனை தூரம் தனியாக வந்தவர், இந்த இடத்தில் பக்கத்து வீட்டுக்காரரைத் தேடவேண்டியிருக்கிறது. கடைசித் தேதி இன்றுதான் என்றால்?

ஆன்லைன் கே.ஒய்.சி-யில் 'கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டுங்கள்' என்கிறார்கள். இதனால் வங்கிக் கணக்கு, சிம் கார்டு போன்ற அடிப்படைச் சேவைகளே கிடைக்காமல் போகிறது என்று ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2025 ஏப்ரல் 30-ல் வந்த தீர்ப்பு, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றது. கே.ஒய்.சி முறையை எல்லோருக்கும் ஏற்றதாக மாற்ற 20 உத்தரவுகளையும் பிறப்பித்தது.

தீர்ப்பு வந்துவிட்டது. பட்டனுக்குப் பெயர் எழுதவேண்டியது மட்டும் பாக்கி. அது ஒரு வரி வேலை!

உங்கள் போனில் ஐந்தே நிமிடம்

அந்த ஒரு வரியின் அருமை புரிய, நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, டாக்பேக் என்று போய் ஆன் செய்யுங்கள். ஐபோனில் அதன் பெயர் 'வாய்ஸ்ஓவர்'. இப்போது ஒருமுறை தொட்டால் பெயரைச் சொல்லும்; இருமுறை தட்டினால்தான் திறக்கும். வலப்பக்கம் ஒரு விரலால் தள்ளினால் அடுத்த இடத்துக்குப் போகும். பக்கத்தை நகர்த்த ஆண்ட்ராய்டில் இரண்டு விரல், ஐபோனில் மூன்று விரல் வேண்டும். அணைப்பதற்கும் இதே வழிதான். பதறாமல் இருமுறை தட்டுங்கள்.

இந்த வசதிக்குப் பின்னாலும் டி.வி.ராமன் இருக்கிறார். பட்டனே இல்லாத தொடுதிரையில் பார்வையில்லாதவர் எப்படி எண்ணை அழுத்துவது என்று யோசித்து, கூகுளில் அவரும் சக பொறியாளரும் ஒரு டயலர் செய்தார்கள். விரல் முதலில் எங்கே படுகிறதோ, அதுதான் 5! மேலே நகர்த்தினால் 2, கீழே நகர்த்தினால் 8. எண்ணைத் தேடி விரல் போகவேண்டாம். விரலைத் தேடி எண் வரும்.

டாக்பேக் ஓடும்போதே கண்ணை மூடிக்கொண்டு உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து பாருங்கள். டைப் செய்த செய்திகளை அது வாசித்துவிடும். போட்டோவாக வந்த கல்யாணப் பத்திரிகை, வேலைவாய்ப்பு அறிவிப்பு, கோயில் திருவிழா நோட்டீஸ்? படம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது கேட்பவருக்குப் போய்ச் சேராமல் போகலாம்.

அடுத்தமுறை ஒரு வேலைவாய்ப்பு நோட்டீஸை ஃபார்வேர்டு செய்யும்போது, கீழே ஒரு வரி டைப் செய்யுங்கள்: என்ன வேலை, எங்கே, கடைசித் தேதி எது. ஆத்தூரில் இயர்போனோடு காத்திருக்கும் ஒரு பிள்ளைக்கு அந்த ஒரு வரி போதும். மீதியை அது கீபோர்டில் பார்த்துக்கொள்ளும்.