பழைய டிஸ்க்குக்கு பத்து டாலர் மொய்

வீட்டில் பிளேஸ்டேஷனோ எக்ஸ்பாக்ஸோ இருக்கிறவர்களுக்கு இந்த வழக்கம் தெரிந்திருக்கும். புது கேம் வாங்கி, ராத்திரி பகல் பார்க்காமல் ஒரு மாதம் ஆடி, முடிந்ததும் விற்றுவிட்டு, அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டு அடுத்ததை வாங்குவது. அமெரிக்காவில் இதை நம்பியே கேம்ஸ்டாப் என்று ஒரு பெரிய கடைச் சங்கிலி வளர்ந்தது. அப்போது புது கேம் 60 டாலர். சில நாள் கழித்துப் போனால் யாரோ ஆடி முடித்த அதே கேம் 55 டாலருக்கு இருக்கும். அஞ்சு டாலர் மிச்சம் என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்த 55ல் கேமை உருவாக்கின கம்பெனிக்கு ஒரு சென்ட் கூடப் போகாது.

கம்பெனிகளின் வயிற்றெரிச்சல் இதுதான். 2010ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் (சுருக்கமா ஈஏ) 'ஆன்லைன் பாஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. புது டப்பாவுக்குள் ஒரு சீட்டு, அதில் ஒரு கோட். அது ஒரு தடவைதான் வேலை செய்யும். செகண்ட் ஹேண்டில் வாங்கினவர் நெட்டில் மற்றவர்களோடு ஆட வேண்டும் என்றால் தனியாக 10 டாலர் மொய் வைக்க வேண்டும். டிஎச்க்யூ தன் யுஎஃப்சி சண்டை கேமுக்கு 5 டாலர் கேட்டது. அடுத்த வருஷம் சோனியும் ரெசிஸ்டன்ஸ் 3 கேமில் இதே வேலையை ஆரம்பித்தது. வார்னர் கம்பெனி இன்னும் ஒரு படி மேலே போய், பேட்மேன் ஆர்க்கம் சிட்டியில் கேட்வுமன் வரும் பகுதிகளையே கோடுக்குள் பூட்டிவிட்டது. அது தனியாக உட்கார்ந்து ஆடுகிற கதையின் ஒரு துண்டு, ஆன்லைன் சமாச்சாரமே இல்லை. வீட்டில் நெட் இல்லாதவர் புதுசாவே 60 டாலர் கொடுத்து வாங்கியிருந்தாலும் அந்தத் துண்டு அவருக்குக் கிடையாது. இதை என்னவென்று சொல்வது!

2013 மே மாதம் ஈஏ இந்தத் திட்டத்தைக் கைவிட்டது. செத்துப்போனதை இப்போது எதற்குத் தோண்டுகிறாய் என்று கேட்கலாம். அது சாகவில்லை, வேறு ரூபத்தில் வந்திருக்கிறது என்பது என் கட்சி. கடைசியில் வருகிறேன்.

செகண்ட் ஹேண்டில் வாங்குபவரிடம் தனியாகக் காசு கேட்கக் கூடாது என்று வாதாடுபவர்கள் சொல்லும் முதல் காரணம், "என் பொருள், என் இஷ்டம்". சட்டம் அவர்கள் பக்கம்தான். அமெரிக்காவில் ஒரு பதிப்பகம் தன் நாவலுக்குள் 'ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது' என்று அச்சடித்து வைத்தது. மேசீஸ் கடை அதை 89 சென்ட்டுக்கு விற்றது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், ஒரு தடவை விற்ற பிறகு அந்தப் பிரதியை எந்த விலைக்கு விற்பது என்று பதிப்பகம் கட்டளை போட முடியாது என்று 1908ல் தீர்ப்பு வந்தது. ஜப்பானில் கேம் கம்பெனிகளே பழைய கேம் கடைகள் மேல் வழக்குப் போட்டு 2002ல் உச்சநீதிமன்றத்தில் தோற்றன.

ஆனால் இந்த வாதம் ஆன்லைன் பாஸ் விஷயத்தில் பாதி தூரம்தான் போகும். விற்காதே என்று ஈஏ சொல்லவில்லையே. விற்றுக்கொள், ஆனால் என் சர்வருக்குள் வர டிக்கெட் எடு என்றது. அதனால் சட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு, நமக்குத் தெரிந்த கணக்கைப் போடுவோம்.

ஒருத்தர் 60 டாலருக்குப் புது கேம் வாங்குகிறார். ஆடி முடித்து கடையில் கொடுத்தால் 30 டாலர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடை அதை 55க்கு விற்கிறது. தேய்மானம் கணக்குப் போடும்போது எஞ்சிய மதிப்பைக் கழிக்கிறோம் இல்லையா, அதே மாதிரி அவருக்கு அந்த கேமின் உண்மையான செலவு 30 டாலர்தான். திருப்பி விற்கலாம் என்ற தைரியத்தில்தான் அவர் 60 டாலரை எடுத்து நீட்டுகிறார்.

இப்போது 10 டாலர் பாஸ் வருகிறது. பழைய டிஸ்க் 55, பாஸ் 10, மொத்தம் 65. புதுசே 60க்குக் கிடைக்கும்போது எவன் வாங்குவான்? கடை தன் விலையை 45க்கு இறக்கியே ஆக வேண்டும். தன் லாபம் 25 டாலரை விட்டுக்கொடுக்க மனசில்லாத கடைக்காரர் என்ன செய்வார்? 30க்கு வாங்கியதை 20க்குக் கேட்பார். இரண்டாவது ஆள் எப்போதும் போல 55தான் கொடுக்கிறார். முதல் ஆளுக்குத்தான் செலவு 30லிருந்து 40 ஆகிறது. கடை கொஞ்சம் லாபத்தை விட்டுக்கொடுத்தாலும் மீதி அவர் தலையில்தான். வரியைக் கட்டுபவர் ஒருவர், சுமப்பவர் வேறொருவர் என்று பொருளாதார வகுப்பில் படித்தோமே, அதேதான்.

அந்த முதல் ஆள் யார்? முழு விலை கொடுத்த, கம்பெனியின் சொந்த வாடிக்கையாளர். பழசு வாங்குபவனைப் பிடிக்கிறேன் என்று கிளம்பி, தன் வாடிக்கையாளர் சட்டைப் பையில் கை விட்டிருக்கிறார்கள். அந்த 10 டாலர் அவர் அடுத்த புது கேமுக்கு வைத்திருந்த பணம். பழைய கேம் கொடுத்து வாங்கும் கடன் தொகையில் 70 சதவீதம் புது கேம்களுக்கே போகிறது என்று 2013ல் கேம்ஸ்டாப் சொன்னது. அது கடைக்காரர் சொல்லும் கணக்கு, கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் கேட்க வேண்டும். ஆனால் திசை சரிதான்.

இரண்டாவது ஆள் தப்பித்துவிட்டார் என்றும் சொல்ல முடியாது. இரண்டு மூன்று வருஷம் பொறுத்திருந்து 8 டாலருக்கு வாங்குகிறவர் இருக்கிறாரே, அவருக்கு டிஸ்க்கை விட பாஸ் விலை அதிகம். அந்த 8 டாலரை அதற்கு மேல் இறக்கவும் இடமில்லை. கையில் காசு குறைவாக இருப்பவர்தான் அப்படிக் காத்திருப்பார். சீனியரிடம் பாதி விலைக்கு காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகம் வாங்கிப் படிக்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை :)

நிற்க. கம்பெனிகள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்போது கேம்ஸ்டாப்புக்குப் பழைய சரக்கில் மொத்த லாபம் கிட்டத்தட்ட பாதி, புது கேமில் ஐந்தில் ஒரு பங்கு போல. புதுசுக்குப் பக்கத்திலேயே பழசை வைத்து அதைத் தள்ளிவிட்டால் உருவாக்கினவனுக்கு எரியத்தான் செய்யும். சர்வருக்கும் செலவு உண்டு. ஆனால் ஒரு டிஸ்க்கை விற்றவர் வெளியே போன பிறகுதான் வாங்கினவர் உள்ளே வருகிறார், கூட்டம் கூடவில்லை. முதல் ஆள் சீக்கிரம் சலித்துப்போய் விட்டுவிடுவார், அந்த மிச்ச நாட்களை இவர் ஆடுகிறாரே என்றால், சரி, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு எல்லோரிடமும் காசு வாங்குங்கள். பிஎஸ்4 வந்தபோது சோனி அதைத்தான் செய்தது. பெரும்பாலான கேம்களை நெட்டில் ஆட பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா, டிஸ்க் புதுசா பழசா என்ற கேள்வியே கிடையாது. எனக்கு சந்தா பிடிக்காது, ஆனாலும் பாஸை விட நேர்மையானது.

எக்ஸ்பாக்ஸ் ஒன் கதை நினைவிருக்கும். 2013 ஜூனில் பழைய கேம் விற்க, இரவல் கொடுக்க மைக்ரோசாஃப்ட் கட்டுப்பாடுகள் அறிவித்தது. இரவல் கொடுப்பது எப்படி என்று சோனி ஒரு வீடியோ போட்டது. ஒருவர் டிஸ்க் டப்பாவை நீட்டுகிறார், இன்னொருவர் வாங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான் வீடியோ! அதே மாதம் 19ம் தேதி மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது.

அன்று கைதட்டு வாங்கிய அதே சோனி 2020ல் பிஎஸ்5ஐ இரண்டு விதமாக விட்டது. டிஸ்க் போடும் வசதியோடு 499 டாலர், இல்லாமல் 399. நூறு டாலர் லாபம் என்று இரண்டாவதை வாங்கினால் பழசு வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. கேமுக்கு 30 டாலர் திரும்பக் கிடைக்கும் என்ற நம் கணக்கையே எடுத்தால் நாலாவது கேமில் அந்த நூறு டாலர் காலி. 2024 நவம்பரில் 700 டாலருக்கு வந்த பிஎஸ்5 புரோவில் டிஸ்க் டிரைவே கிடையாது. பழைய டிஸ்க் போட்டு ஆட ஆசைப்பட்டவர்கள் அதைத் தனியாக 80 டாலர் கொடுத்து வாங்கி மாட்ட வேண்டியிருந்தது.