மலையில் மர வீடு, வரப்பில் பனை

கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் கட்டின மர வீட்டுப் படங்களை அனுப்பி, "இயற்கைக்கு ஏத்த வீடு இதுதானே?" என்று சென்னை நண்பர்கள் கேட்கிறாங்க. சரிவை வெட்டி மட்டம் பண்ணாம, கால் ஊன்றித் தூக்கிக் கட்டினா மழைத்தண்ணி தன் வழியில் ஓடும். நல்லதுதான். ஆனா அந்த மரம் எங்க வெட்டினது, வெட்டின இடத்துல இப்ப என்ன நிக்குதுன்னு கேட்டீங்களா? சிலதுக்குப் பைன் பலகை கப்பல்ல வருது. நீலகிரித் தோடர் குடிசைக்கு மூங்கில், பிரம்பு, புல் எல்லாமே அந்த மலையில் விளைஞ்சதுதான்.

எங்க காரைக்கால்ல மலையும் இல்லை, காடும் இல்லை. வீட்டுக்கான மரம் வரப்பில் நிக்குது: பனை. அறுபது எழுபது வருஷம் முத்தின மரத்தைச் சாய்ச்சு, நீளவாக்கில் பிளந்து, உள்ளே இருக்கிற சோற்றைச் செதுக்கி எடுத்தா, கருகருன்னு வைரம் மட்டும் நிக்கும். அதுதான் கைமரம். மேல வரிச்சு, நாட்டு ஓடு. என் வீட்டுக் கைமரம் தாத்தா காலத்தது. ஓடு மாத்தியிருக்கேன், மரத்தை மாத்தலை. கான்கிரீட்டுக்குள்ள இருக்கிற கம்பியை இதே கடல் காத்து துருப்பிடிக்க வைக்குது. துரு உப்பி, காரை பெயர்ந்து விழுது.

கீத்துக் கூரைக்கு நான் வக்காலத்து வாங்கலை. 2004-ல் கும்பகோணம் பள்ளியில் 94 பிள்ளைகளைத் தீ கொண்டுபோன பிறகு அதுக்கு யாருக்கும் வாய் வராது. ஆனா கீத்து வேற, ஓடு வேற. பக்கத்துத் தமிழ்நாட்டில் கலைஞர் கனவு இல்லம்னு 2030-க்குள் 8 லட்சம் வீடு, வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். குடிசையில் இருக்கிறவங்களுக்குப் பெரிய உதவி, குறை சொல்லலை. கான்கிரீட் கூரைக்குக் கொடுக்கிற காசைப் பனங்கைமரம் போட்ட ஓட்டு வீட்டுக்கும் கொடுத்தா என்ன?

கேட்பார் இல்லாமத்தான் பனை செங்கல் சூளைக்கு விறகாப் போகுது. கலெக்டர் அனுமதி இல்லாம வெட்டக்கூடாதுன்னு 2021-ல் தமிழ்நாட்டில் அறிவிச்சாங்க. சரிதான், ஆனா தடை போட்டா மட்டும் எவனும் நட மாட்டான். மரத்துக்கு விலை இருக்கணும், ஒண்ணு வெட்டினா பத்து விதை போடணும்.

ஆவணி, புரட்டாசியில் பழம் விழும். கொட்டையை வரப்போரம் புதைச்சாப் போதும், மழை பார்த்துக்கும். அந்த மாசத்துல இந்தப் பக்கம் வந்தா சொல்லுங்க, ஒரு சாக்கு தர்றேன்.